பந்தைக் கொடுத்த கைகள்

"பேச்சிப்பாறை அணை நிரம்பிவிட்டதா?"

மழைக்காலம் வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. டீக்கடையில் கேட்பார்கள். பஸ்சில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பார்கள். பத்திரிகையைப் பிரித்ததும் பலருடைய கண் அணை நீர்மட்டம் போட்டிருக்கும் இடத்துக்குத்தான் போகும். 48 அடி! அந்த எண்ணிக்கையை நெருங்கிவிட்டால் விவசாயியின் முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால், நமது வயலுக்கு வருவது பேச்சிப்பாறைத் தண்ணீர் மட்டும்தானா?

இல்லை. பெருஞ்சாணி அணையின் தண்ணீரும் அதனோடு சேருகிறது. இரண்டும் புத்தன் அணைக்கு வந்து, அங்கிருந்துதான் கால்வாய்களில் பிரிந்து ஓடுகின்றன. மேற்கே உள்ள தாலுகாக்களுக்குச் சிற்றாறு அணைகள் இரண்டும் கைகொடுக்கின்றன. இருந்தாலும் ஊர் சொல்வது என்ன? "பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்துவிட்டது!" என்பதுதான்.

அணை கட்டிய கதையும் அப்படித்தான். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897-ம் ஆண்டு தொடங்கி 1906-ம் ஆண்டு முடிந்த வேலை அது. என்ஜினீயர் மிஞ்சின் துரையின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரை மறக்காமல் கும்பிடுகிறவர்கள் உண்டு. அது நியாயமே. ஆனால் கல் சுமந்தவர்கள் யார்? சுண்ணாம்பு குழைத்தவர்கள் யார்? யாருக்கும் தெரியாது.

விளையாட்டுப் பக்கத்தில் அணையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது. கூடைப்பந்து ஆடும் ஒரு பெண்ணின் புகழும் ஏறக்குறைய இப்படித்தான் உண்டாகிறது.

சங்கனாச்சேரிப் பெண்

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி வரை நமது பகுதி திருவிதாங்கூரோடு இருந்தது. அதே திருவிதாங்கூரில் வடக்கே இருக்கும் ஊர் சங்கனாச்சேரி. அங்கே அசம்ப்ஷன் கல்லூரி என்று ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. விளையாட்டுக்குப் பெயர் போனது.

அந்தக் கல்லூரியில் படித்த கோட்டயம் மாவட்டத்துப் பெண்தான் கீது அன்னா ஜோஸ். பிறந்தது 1985-ம் ஆண்டு. உயரம் 6 அடி 2 அங்குலம்! முதலில் கைப்பந்து ஆடியவர், பிறகு கூடைப்பந்துக்கு வந்தார்.

கல்லூரி மைதானத்தில் தொடங்கிய ஆட்டம் அவரைத் தென்னக ரெயில்வேயில் வேலைக்குக் கொண்டுவந்தது. சென்னைக்கு வந்தார். இந்திய அணியில் இடம் பிடித்தார். 2006-ம் ஆண்டில் ஆஸ்திரேலியா சென்று, ரிங்வுட் ஹாக்ஸ் என்ற கிளப்புக்காக ஆடினார். 2011-ம் ஆண்டில் அமெரிக்காவுக்கே அழைப்பு வந்தது. பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தில் சிகாகோ, லாஸ் ஏஞ்செல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று ஊர் அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். அந்தத் தேர்வுக்கு அழைக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அவர்தான். இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு கேரளக் கல்லூரிப் பெண் அந்த வாசல் வரை போனது சின்ன விஷயமா? 2014-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது.

கீது பேரைச் சொன்னால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அடேயப்பா, எத்தனை புள்ளி எடுப்பார்!"

சரி. அந்தப் புள்ளிகளுக்குப் பந்து எங்கிருந்து வந்தது?

ஒரு பந்து, பத்துப் பேர்

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு அணிக்கு 5 பேர். எதிர் அணிக்கும் 5 பேர். மொத்தம் 10 பேர். மைதானத்தின் இரு முனையிலும் 10 அடி உயரத்தில் ஒரு வளையம். அதற்குள் பந்தைப் போட்டால் 2 புள்ளி. தூரத்தில் வளைந்த கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி. எதிரி தப்பாட்டம் ஆடியதற்காகக் கிடைக்கும் தனி வீச்சுக்கு 1 புள்ளி. ஆட்ட நேரம் 40 நிமிடம்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 10 பேருக்கு ஒரே பந்து. 40 நிமிடத்தைப் பத்தாகப் பங்கு போட்டால் ஒருவருக்கு 4 நிமிடம். நட்சத்திர வீராங்கனைக்கு இரண்டு பங்கு கொடுங்கள். 8 நிமிடம் ஆயிற்று. மீதி 32 நிமிடம்? அந்த நேரம் முழுவதும் அவரும் வெறுங்கையோடுதான் ஓடுகிறார்!

உயரமான பெண் எங்கே நிற்பார்? வளையத்துக்குப் பக்கத்தில் நிற்பார். எதிர் அணி என்ன செய்யும்? அவரைச் சுற்றி இரண்டு பேரை நிறுத்திவிடும். ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். 6 அடி 2 அங்குலம் இருந்து என்ன பயன்? பந்து கைக்கு வந்தால்தானே போட முடியும்!

இங்கேதான் மற்ற நால்வரின் வேலை வருகிறது.

ஒருத்தி தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். அவளை விட்டுவிட்டால் 3 புள்ளி போய்விடும் என்ற பயத்தில் எதிரி ஒருத்தி வெளியே ஓடி வருவாள். உள்ளே கூட்டம் குறையும். இன்னொருத்தி, எதிரி ஓடும் பாதையில் மரம் போல அசையாமல் நிற்பாள். அதற்கு ஸ்கிரீன் என்று பெயர். நம் பாஷையில் திரை. அந்தத் திரையில் மோதி எதிரி ஒரு விநாடி தாமதிப்பாள். அந்த ஒரு விநாடி போதும். மூன்றாவது பெண் பந்தைச் சரியான உயரத்துக்கு, சரியான கைக்கு அனுப்புவாள். நட்சத்திரம் அதைப் பிடித்துப் போடும். கைதட்டல் வானைப் பிளக்கும்.

கைதட்டல் யாருக்கு? போட்டவளுக்கு.

பந்து கொடுத்ததற்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி உண்டு. அதற்கு அசிஸ்ட் என்று பெயர். திரையாக நின்று இடி வாங்கினவளுக்கோ, சாதாரண ஸ்கோர் புத்தகத்தில் ஒரு கோடு கூடக் கிடையாது. மார்பில் முட்டியதும், முழங்கை பட்டதும் அவளோடு சரி.

சென்னைப் பெண்

கீது ஆடிய இந்திய அணியிலும், தென்னக ரெயில்வேயிலும் இன்னொரு பெண் இருந்தார். பெயர் அனிதா பால்துரை. சென்னைக்காரர். கீது பிறந்த அதே 1985-ம் ஆண்டில், அதே ஜூன் மாதத்தில் பிறந்தவர்!

கீது உள்ளே நின்று ஆடுகிறவர். அனிதா வெளிவட்டத்தில் ஆடுகிறவர். தூரத்திலிருந்து போடுவதிலும் கைதேர்ந்தவர். 19-வது வயதில் இந்திய அணிக்குத் தலைவி ஆனார். கல்லூரிப் பெண்கள் பரீட்சைக்குப் படிக்கும் வயது அது. அந்த வயதில், தன்னைவிடப் பெரியவர்களுக்கு "நீங்கள் இங்கே நில்லுங்கள், நீங்கள் அங்கே ஓடுங்கள்" என்று சொல்ல வேண்டிய பொறுப்பு வந்தது.

ஒரே ஆபீஸ், ஒரே மைதானம், ஒரே ரெயில் பயணம். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கண்ணைப் பார்த்தால் போதும், பந்து எங்கே போகும் என்று தெரிந்துவிடும். நம் வீடுகளில் நெல் குத்தின காலத்தில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? உலக்கை உலக்கையோடு மோதாது. யாரும் எண்ணிக்கை சொல்வதும் இல்லை. அது போலத்தான் இது.

தேசியப் போட்டிகளில் ரெயில்வே மகளிர் அணி பல ஆண்டுகள் கொடி கட்டிப் பறந்ததற்கு இந்தப் பழக்கம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் அபிப்பிராயம். மாநில அணிகள் போட்டிக்கு முன்னால் சில வாரங்கள்தான் சேர்ந்து பயிற்சி செய்யும். ரெயில்வே பெண்களுக்கோ வேலையும் ஒன்று, ஆட்டமும் ஒன்று. சம்பளக் கவலை இல்லாததால் கல்யாணத்துக்குப் பிறகும் ஆட முடிந்தது. மாதச் சம்பளம் இல்லாமல் எத்தனை வீடுகளில் மகளை 25 வயதுக்கு மேல் மைதானத்துக்கு அனுப்புவார்கள்? சொல்லுங்கள்!

2009-ம் ஆண்டு செப்டம்பரில் பெண்களுக்கான ஆசியப் போட்டி சென்னையிலேயே நடந்தது. சீனா பட்டம் வென்றது. ஆசியாவில் சீனா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்றும் அசைக்க முடியாத மலைகள். அவர்களை வெல்வது நமக்குக் கனவு. ஆனாலும் 2013-ம் ஆண்டு பாங்காக் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா 5-வது இடத்துக்கு வந்தது. அதுவரை இந்தியப் பெண்கள் அவ்வளவு மேலே வந்ததில்லை.

ஐந்தாவது இடம்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். முன்னால் நின்ற நான்கு நாடுகளின் பெண்களும் எந்த உயரம், எந்த வசதி என்று நினைத்துப் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு தனிச் சட்டம்

இந்த "நட்சத்திரம்" என்கிற தொந்தரவை 130 வருஷத்துக்கு முன்பே ஒரு பெண்மணி கண்டுகொண்டார் என்றால் நம்புவீர்களா?

1891-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பழக்கூடையை ஆணியடித்து மாட்டினார். அதனால்தான் அந்தப் பெயர். பக்கத்து ஊரில் ஸ்மித் கல்லூரி. மகளிர் கல்லூரி. அங்கே தேகப்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் செண்டா பெரன்சன். புது ஆட்டத்தைப் பற்றிப் படித்தார். தன் மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1893-ம் ஆண்டு மார்ச்சில் முதல் வருஷப் பெண்களுக்கும் இரண்டாம் வருஷப் பெண்களுக்கும் போட்டி நடந்தது. ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை!

பெரன்சன் அம்மையார் பெண்களுக்குச் சட்டத்தை மாற்றினார். மைதானத்தை மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்தார். அவரவர் தன் பாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது. மூன்று தடவைக்கு மேல் தரையில் தட்டக்கூடாது. பெண்கள் அளவுக்கு மேல் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அது ஒரு காரணம். அது தப்பான எண்ணம் என்று பிறகு தெரிந்தது. இன்னொரு காரணம், ஒருத்தியே பந்தை வைத்துக்கொண்டு ஆடாமல் எல்லாரும் கூடி ஆட வேண்டும் என்பது.

இந்த மாதிரிக் கோடு போட்ட ஆட்டம் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பெண்கள் பள்ளிகளில் 1993-ம் ஆண்டு வரை நீடித்தது. அங்கே ஒரு அணிக்கு 6 பேர். மூன்று பேர் பந்து போடுவார்கள். மூன்று பேர் தடுப்பார்கள். தடுக்கிறவர்கள் நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது. பள்ளியில் படித்த காலம் முழுவதும் தடுப்பிலேயே ஆடியவளுக்கு ஒரு புள்ளி கூடக் கணக்கில் இருக்காது!

அதே அயோவாவில் ஜேன் ஜென்சன் என்ற மாணவி 1987-ம் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரி 66 புள்ளி எடுத்தார். ஊரே கொண்டாடியது. நடுக்கோட்டுக்கு அந்தப்புறம் நின்று பந்தைப் பறித்து அவர் பக்கம் அனுப்பிய மூன்று பெண்கள்? புள்ளிக் கணக்கில் அவர்களுக்கு எதிரே பூஜ்யம். அந்த ஜென்சன்தான் பிறகு அயோவா பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர் ஆகி, 2024-ம் ஆண்டில் தலைமைப் பயிற்சியாளரும் ஆனார்.

உலகப் புகழ் கிளார்க்

ஜென்சன் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்தான் கெய்ட்லின் கிளார்க். நான்கு ஆண்டுகளில் அவர் எடுத்த புள்ளிகள் 3,951. அமெரிக்காவின் முதல் தரக் கல்லூரி ஆட்டத்தில் ஆணோ பெண்ணோ யாரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை.

ஆனால் அவருடைய கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1,144 அசிஸ்ட்! அதாவது, கிளார்க் பந்தைக் கொடுத்து மற்றவர்கள் 1,144 தடவை கூடையில் போட்டார்கள். ஒன்றுக்கு 2 புள்ளி என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 2,288 புள்ளி. பிடித்துப் போட ஆள் இல்லாவிட்டால் அந்த எண் ஏது? முதல் மூன்று ஆண்டுகளில் வளையத்துக்கு அடியில் நின்று அந்தப் பந்துகளைப் பிடித்தவர்களில் முதன்மையானவர் மோனிகா சினானோ. அவர் படிப்பு முடிந்து போனதும் அந்த இடத்துக்கு வந்தவர் ஹன்னா ஸ்டூல்கி.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி கிளார்க் பெண்கள் சாதனையை முறியடித்தார். உலகம் பூராவும் செய்தி. அதற்கு ஒரு வாரம் முன்பு, பிப்ரவரி 8-ந்தேதி ஆட்டத்தில் நடந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அன்று ஸ்டூல்கி 47 புள்ளி எடுத்தார்! கிளார்க் தன் சாதனைக்கு மிக அருகில் இருந்தும், அன்று 15 தடவை பந்தை மற்றவர்களுக்குக் கொடுத்து ஆடினார்.

அதே ஆண்டு அரை இறுதி ஆட்டம். அயோவாவுக்கு 1 புள்ளி முன்னிலை. முடிய 4 விநாடி கூட இல்லை. எதிரணியிடம் பந்து. திரை போட்ட எதிரணிப் பெண் நகர்ந்து இடித்ததாக நடுவர் ஊதினார். பந்து அயோவாவுக்குக் கிடைத்தது. 71-69 என்று வெற்றி! அந்த இடியை வாங்கியவர் கிளார்க் அல்ல. தடுப்பாட்டத்தில் பெயர் வாங்கிய கேபி மார்ஷல். நடுவர் ஊதியது சரியா என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சை நடந்தது. அது அவர்கள் பாடு.

இறுதி ஆட்டத்தில் அயோவா தோற்றுவிட்டது. அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட அதிகம்!

ஒரு வாரம் கழித்து நியூயார்க்கில் தொழில்முறை அணிகள் கல்லூரிப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் விழா நடந்தது. முதல் பெயரே கிளார்க். எதிர்பார்த்ததுதான். சிநேகிதிக்குக் கைதட்டுவதற்காக அவருடைய அணித்தலைவி கேட் மார்ட்டின் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு அழைக்கப்பட்ட ஆட்டக்காரி அல்ல அவர். 18-வது பெயரை வாசித்தார்கள்.

"கேட் மார்ட்டின்!"

கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்து மேடைக்குப் போனார். எல்லாரையும்விட உரக்கக் கூவி மகிழ்ந்தவர்களில் கிளார்க்கும் ஒருவர். லாஸ் வேகாஸ் அணி மார்ட்டினை எடுத்துக்கொண்டது. திரை போடத் தெரிந்த, தடுக்கத் தெரிந்த, எரிச்சல்படாத ஆட்டக்காரி ஒருத்தி தேவை என்பது தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள்

பேச்சிப்பாறையிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 6 அடி உயரம் இருக்கப் போவதில்லை. "நம்ம பிள்ளைக்கு எதுக்கு அம்மா இந்த ஆட்டம்? கிடைக்கிற பேரெல்லாம் அந்த உயரமான பிள்ளைக்குத்தானே!" என்று தாய்மார்கள் நினைப்பது இயற்கை.

ஆனால் அணி ஜெயித்தால் பதக்கம் எல்லார் கழுத்திலும் விழும். மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. ரெயில்வேயிலும் விளையாட்டுக்காக வேலை தருகிறார்கள். உயரம் குறைந்த பெண் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் கெட்டிக்காரியாகலாம். உயரத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. பந்து கொடுப்பதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

கீது ஆட்டத்தை விட்டு விலகிய பிறகு இந்திய அணி என்ன ஆயிற்று?

2017-ம் ஆண்டு ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டி நடந்தது. வென்றால்தான் முதல் பிரிவுக்கு ஏற முடியும். தோற்றால் கீழேயே கிடக்க வேண்டியதுதான். அணியில் கீது இல்லை. அனிதா இருந்தார். அப்போது அவருக்கு வயது 32. குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து ஆடினார். அவரைச் சுற்றிச் சின்னப் பெண்கள். கேரளத்தின் ஜீனா, மராட்டியத்தின் ஷிரீன் லிமாயே போன்றவர்கள்.

இறுதி ஆட்டத்தில் எதிரி கஜகஸ்தான். உயரமான பெண்கள். கடைசி நிமிடம் வரை யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை. முடிவில் இந்தியா 75, கஜகஸ்தான் 73. ஒரே ஒரு கூடைதான் வித்தியாசம்! இந்தியா முதல் பிரிவுக்கு ஏறியது.

ஒன்பது ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர் அனிதா. 2021-ம் ஆண்டு குடியரசு தினத்தையொட்டிப் பத்ம விருதுகள் அறிவிக்கப்பட்டன. பத்மஸ்ரீ பட்டியலில் முழுப் பெயர் கூட இல்லை. "பி. அனிதா, விளையாட்டு, தமிழ்நாடு" என்று மட்டும் போட்டிருந்தது. எந்த விளையாட்டு என்று பலர் விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள்.